ஜிசியும் காரைக்கால் காலராவும்

2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வாந்தி பேதியோடு நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள், காலரா உறுதியாகியிருந்தது. பள்ளிகளை மூடினார்கள். அந்த வாரம் ஆய்வகத்திடம் ஊர் கேட்டிருக்கக்கூடியது ஒன்றுதான்: இது காலராவா, இல்லையா? ஆவியாகும் சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும், ஆய்வகப் பேச்சில் ஜிசி எனப்படும் வாயு வண்ணப்பிரிகையை இந்தக் கேள்வியின் முன் நிறுத்தித்தான் எடைபோட வேண்டும்.

நுண்ணுயிரை ஜிசி மூலம் வகைப்படுத்தலாம் என்ற யோசனை 1963-லேயே கட்டுரையாக வந்துவிட்டது. செய்முறை கிட்டத்தட்டச் சமையல்தான். 28 டிகிரியில் 24 மணி நேரம் வளர்ந்த காலனியில் 40 மில்லிகிராம் வழித்தெடுத்து, காரம் கலந்த மெத்தனாலில் அரைமணி சூடாக்கி, அமிலம் சேர்த்து மறுபடி சூடாக்கினால், செல்லின் கொழுப்பு அமிலங்கள் ஆவியாகும் எஸ்டர்களாக மாறும். மயிரிழை போன்ற 25 மீட்டர்க் குழாயிலிருந்து ஒவ்வொன்றும் தன் நேரத்தில் வெளிவரும். அந்த விகிதத்தைக் கைவசமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் பெயர் கிடைக்கும். வளர்ப்புச் சூடு மாறினால் கொழுப்பும் மாறும். அதனால்தான் இத்தனை கெடுபிடி. புதிய பாக்டீரியா இனத்தை அறிவிக்கும் கட்டுரைகளில் இந்தப் பட்டியல் இன்றும் இடம்பெறுகிறது. அந்த மரியாதை நியாயமானதே.

காலராவில் விஷயம் வேறு. காலராக் கிருமியான விப்ரியோ காலரேயில் ஓ1, ஓ139 வகைகளே கொள்ளைநோயாகப் பரவுபவை. அவற்றைப் பிரிப்பது மேற்பரப்பின் சர்க்கரைச் சங்கிலி, கொழுப்பு அல்ல. காரைக்காலில் அரசலாறு கடலில் கலக்கும் இடம் போன்ற முகத்துவார நீரில் மற்ற விப்ரியோக்கள் இயல்பாகவே வாழும். அவற்றிலிருந்து ஓ1-ஐப் பிரிக்கக் கொழுப்புப் பட்டியலை நம்ப முடியாது. டிசிபிஎஸ் என்ற வளர்ப்புத் தட்டில் மஞ்சள் காலனி, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி எதிர்சீரம், திரிந்தால் தெரிந்துவிடும். காலனி வளரும்வரை ஜிசியும் காத்திருக்க வேண்டியதுதான், பிறகு அது மிச்சப்படுத்தும் நேரம் எது? வளர்க்காமல் மலத்தின் ஆவியையே முகரும் வழியும் உண்டு. வங்கதேசக் காலரா நோயாளிகளிடம் நடந்த 2009 ஆய்வில் டைமெத்தில் டைசல்பைடு தனித்துத் தெரிந்தது. நல்ல தொடக்கம், ஆனால் தொடக்கம் மட்டுமே.

ஜிசியின் பிடியிலிருந்து வைரஸ் இன்னும் நழுவும். அதற்குச் சொந்தக் கொழுப்பே கிடையாது. உறை இருந்தால் அதுவும் நம் செல்லிடம் எடுத்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்கா அவசர அனுமதி தந்த கொரோனா மூச்சுச் சோதனை, ஜிசி மூலம் மூன்று நிமிடத்தில் ஐந்து சேர்மங்களைத் தேடியது. தொற்றுள்ளவர்களில் 91.2 சதவீதத்தினரைச் சரியாகப் பிடித்தது. ஆனாலும் ‘உண்டு’ என்று வந்தால் மூலக்கூறுச் சோதனையில் உறுதிசெய்யச் சொன்னார்கள். அது முகர்ந்தது வைரஸை அல்ல, உடம்பு பட்ட பாட்டை.

ஆக, கொள்ளைநோய் நாளில் காரைக்காலுக்கு ஜிசி வேண்டாம். தட்டும் எதிர்சீரமும், குழாயடியில் குளோரின் பார்க்கும் சொட்டுச் சோதனையும் போதும். குளோரின் போட்ட தண்ணீரில் குளோரோஃபார்ம் எவ்வளவு என்று பிறகு யாராவது கேட்டால் ஜிசியைக் கூப்பிடலாம். அது அதன் சொந்த வேலை.