புள்ளிராஜாவிடம் கேட்காத கேள்வி

2000களின் முற்பகுதியில் தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி மறந்திருக்காது. கேள்வியை மட்டும் தனியே எழுதிவைத்து, ஊரையே பேசவைத்ததுதான் அந்த விளம்பரத்தின் உத்தி. ஊரும் பேசியது, சிரித்தது. எய்ட்ஸ் என்ற சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்த பெருமை அந்தக் கேள்விக்கு உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்ன சொன்னது என்பதைவிட, எதைச் சொல்லாமல் விட்டது என்பதே பெண்களாகிய நமக்கு முக்கியம்.

'வருமா?' என்ற வினைச்சொல்லைக் கவனியுங்கள். நோய் எங்கிருந்தோ வருகிறது, ராஜாவிடம் வந்து நின்றுவிடுகிறது. அவரிடமிருந்து அது யாருக்குப் போகும் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பால்வினை நோய்களுக்கு நம் ஊரில் 'பொம்பளைச் சீக்கு' என்று ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. பெண்ணிடமிருந்து ஆணுக்கு வருவது சீக்கு, ஆணிடமிருந்து பெண்ணுக்கு வருவது தலையெழுத்து.

இந்தப் பார்வை விளம்பரத்தில் தொடங்கியதல்ல. 1986இல் சென்னையில் மருத்துவ மாணவி நிர்மலா, தன் பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. இரண்டு பெண்களின் துணிச்சலான அறிவியல் பணி அது. அதைத் தொடர்ந்து நடந்தது வேறு. தொற்று இருப்பதாகக் கண்டறியப்பட்ட பெண்கள் காப்பகங்களில் அடைத்துவைக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்கப் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை எவரும் அடைத்துவைக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வீட்டுக்குள் நடந்ததைச் சென்னை ஆய்வாளர்களே பின்னர் எழுதினார்கள். சிகிச்சைக்கு வந்த தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள்.

இப்போது பயத்தின் கணக்கைப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. ஒருபுறம் கடல், அய்யனார் கோயில், இலங்கைத் தமிழர் முகாம். இப்படி ஒருவரையொருவர் அறிந்த ஊரில் திருமணமாகாத பெண் ஒருத்தி காதலனுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். அல்லது உடையோடு அணைத்துக்கொண்டாள், கையால் தொட்டாள். அன்றிரவு அவளுக்கு எழும் பயங்கள் இரண்டு: கர்ப்பமாகிவிடுமோ, நோய் வந்துவிடுமோ. இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று கிடக்கிறது: தெரிந்துவிடுமோ.

முதல் இரண்டு பயங்களுக்கு மருத்துவத்தில் பதில் உண்டு. எச்.ஐ.வி. எச்சிலில் பரவாது, வியர்வையிலும் கண்ணீரிலும் பரவாது. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியேதான் பரவும். தொடுவதாலும் அணைப்பதாலும் எவருக்கும் எச்.ஐ.வி. வந்ததில்லை, அவற்றால் கருவும் உண்டாகாது. மூன்றாவது பயத்துக்கு மட்டும் மருத்துவத்தில் பதில் கிடையாது. அதனால் அது முதல் இரண்டின் வேடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. பரிசோதனையில் 'இல்லை' என்று வந்த பிறகும் சிலர் மீண்டும் மீண்டும் பரிசோதித்துக்கொள்வது இதனால்தான். அவர்கள் தேடுவது கிருமியை அல்ல, பாவமன்னிப்பை.

அதே ஊரில் மணமான பெண்ணின் கணக்கு வேறு. சிகிச்சை பெறாத, தொற்றுள்ள ஆணுடன் ஆணுறையின்றி ஒருமுறை யோனிவழி உறவு கொள்ளும் பெண்ணுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாக 10,000இல் 8 என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. ஆணுக்கு அது 4. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் வாரம் இருமுறை, பத்து ஆண்டு என்றால் ஆயிரம் தடவைக்கு மேல். இதே விகிதத்தை வைத்துப் பெருக்கினால் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். ஆணுறை போடு என்று கணவனிடம் சொன்னால் 'யாரோடு போய்வந்தாய்?' என்ற கேள்வி அவள்மீதுதான் திரும்பும். முத்தமிட்டவள் தூங்காமல் கிடக்கிறாள், தாலி கட்டிக்கொண்டவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். நம் ஊரில் பயம் கிருமி போகும் வழியில் போவதில்லை, ஒழுக்கம் காட்டும் வழியில் போகிறது.

இதற்காக முத்தமும் தொடுதலும் முற்றிலும் ஆபத்தற்றவை என்று சொல்லிவிட முடியாது. அக்கி வைரஸ் முத்தத்தில் தொற்றும். வாயில் புண் இருந்தால் சிபிலிஸும் தொற்றலாம். எச்.பி.வி. பிறப்புறுப்புத் தோல் உரசலிலேயே பரவும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் அதன் சில வகைகள்தான். ஆனால் எச்.பி.வி.யை நினைத்துத் தூக்கம் கெட்டவர் யார்? அதற்குத் தடுப்பூசி உண்டு, கருப்பைவாய்ப் பரிசோதனையும் உண்டு. பெண்ணின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய இந்தத் தொற்றுக்கு ஒரு புள்ளிராஜா கிடைக்கவில்லை. நாலு பேர் சிரிக்க அதில் எதுவும் இல்லை போலும்.

விழிப்புணர்வு என்ற பெயரில் நமக்குக் கொடுக்கப்பட்டது பயம் மட்டும்தான். அளவுகோல் கொடுக்கப்படவில்லை. எது ஆபத்து, எது சிறிய ஆபத்து, எது ஆபத்தே இல்லை என்று பிரித்துச் சொன்னால் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். அதனால் எல்லாமே ஒரே ஆபத்தாகச் சொல்லப்பட்டது. எல்லாமே ஆபத்து என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, உண்மையான ஆபத்து எதிரே வரும்போது அடையாளம் தெரியாது.

அளவுகோல் நம்மிடமே இருக்கட்டும். ஆபத்தான உறவோ வன்முறையோ நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். சம்மதமின்றிச் சோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1097க்கு அழைத்தால் பெயர் சொல்லாமலே கேட்கலாம். முத்தத்தைப் பற்றிக் கேட்கும் பெண்ணிடம் 'இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா?' என்று சொன்னால் அது ஆலோசனை ஆகாது. கேட்டதற்குப் பதில் பெற அவளுக்கு உரிமை உண்டு.

புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று இத்தனை ஆண்டுகளாகக் கேட்டாயிற்று. அவர் வீட்டில் இருப்பவள் இனித் தன் கேள்வியைக் கேட்கட்டும்: 'நீங்க போய் டெஸ்ட் எடுத்தீங்களா?'