முறுக்குக் கம்பி

ஸ்ரீ விஜயபுரத்தில் (முந்தைய போர்ட் பிளேர்) உள்ள உத்க்ரோஷ் கடற்படை விமானத் தளத்துக்கு வந்துபோகும் டோர்னியர் 228 விமானம், கான்பூர் எச்.ஏ.எல். தயாரிப்பு. பார்ப்பவர் கண்ணில் படுவது அதன் இரட்டை விசிறிகள். பொறியாளரின் கண்ணோ போல்ட்டுத் தலைகளைக் கோத்து ஓடும் மெல்லிய எஃகுக் கம்பியைத் தேடும்.

போல்ட்டுத் தலையின் துளையில் கம்பியை நுழைத்து, இடுக்கியால் கவ்வி, அதன் குமிழை இழுத்தால் 'கிர்ர்' என்று இரு இழையும் பின்னிக்கொள்ளும். வழக்கமான கனமுள்ள கம்பிக்கு அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. கூடினால் கம்பி பலவீனமாகும். போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கமே இழுக்க வேண்டும். அந்தத் திசை பார்த்துப் பின்னுவதில்தான் கைவண்ணம். பூக்கட்டும் விரல்களின் நிதானம் அது. மிச்ச நுனியை உள்ளே மடக்குவது ஒரு மரியாதை: அடுத்துக் கை வைப்பவரின் விரலைக் கிழிக்கக் கூடாதே! கழற்றிய கம்பியை மறுபடி போடுவதில்லை; ஒவ்வொரு முறையும் புதுக்கம்பி, புதுப் பின்னல்.