ஒலி ஒப்புமையும் சொல் உறவும்: ஸ்பானிய, ஆங்கிலச் சொற்களின் இலத்தீன் மூலம்

முன்னுரை

ஸ்பானியம் இலத்தீனின் நேர் வழித்தோன்றல். ஆங்கிலம் ஜெர்மானியக் கிளையைச் சார்ந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர்ப் பிரெஞ்சு வழியாகவும், மறுமலர்ச்சிக் காலத்தில் நூல்வழியாகவும் இலத்தீன் சொற்கள் ஆங்கிலத்தில் பெருமளவு புகுந்தன. இதனால் ஸ்பானியத்திற்கும் ஆங்கிலத்திற்கும் பொதுவான சொற்கள் மிகுந்தன. இவையனைத்தையும் ‘இனச்சொற்கள்’ என ஒரே பட்டியலில் அடக்குவது மொழி கற்பித்தலில் பரவலான வழக்கம். இப்பட்டியல் முறை சொற்களின் வரலாற்றை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது.

மறைந்து நிற்கும் உறவு

இலத்தீன் ‘ஃபாக்டும்’ (செய்யப்பட்டது) ஸ்பானியத்தில் ‘ஏச்சோ’ ஆயிற்று. சொல்முதல் ஃபகரம் ஹகரமாகிப் பின் மறைந்தது. இடையில் நின்ற ‘க்ட்’ சகர ஒலியாகத் திரிந்தது. ஆங்கில ‘ஃபேக்ட்’ இலத்தீனிலிருந்தும், ‘ஃபீட்’ (அருஞ்செயல்) பிரெஞ்சு வழியாகவும் பெறப்பட்டவை. மூன்றும் ஒரு மூலத்தவை எனினும் செவிக்கு அது புலப்படுவதில்லை.

‘நோச்சே’ (இரவு) இன்னும் தெளிவான சான்று. இது இலத்தீன் ‘நோக்தெம்’ என்பதன் திரிபு. ஆங்கில ‘நாக்டர்னல்’ இலத்தீனிலிருந்து வந்த கடன்சொல். ‘நைட்’ என்பதோ இலத்தீன் வழி வந்ததன்று. மூல இந்தோ-ஐரோப்பிய மொழியிலிருந்து ஜெர்மானியத்தின் வழி மரபாக வந்தது. ஆகவே ‘நோச்சே’, ‘நைட்’ இரண்டுமே பிறப்புறவுடைய இனச்சொற்கள்.

ஒரு மூலம், இரு வடிவம்

‘தெலிகாத்துஸ்’ என்னும் இலத்தீன் சொல் ஸ்பானியத்தில் மக்கள் வழக்கில் ‘தெல்காதோ’ (மெலிந்த) எனவும், நூல்வழக்கில் ‘தெலிகாதோ’ (மென்மையான) எனவும் வழங்குகிறது. தமிழிலக்கணத்தின் தற்பவம், தற்சமம் என்னும் பாகுபாட்டை இதனோடு ஒப்பிடலாம். ஆனால் தமிழில் இரண்டும் வடமொழியிலிருந்து பெற்றவை. ‘தெல்காதோ’ பெற்றதன்று, வழிவழி வந்தது. இவ்வேறுபாட்டைக் கருதாத ஒப்பீடு பிழைபடும்.

போலி ஒப்புமை

‘மூச்சோ’, ‘மச்’ இரண்டும் ‘மிகுதி’ எனப் பொருள்பட்டு ஒலியாலும் ஒத்துள்ளன. எனினும் முன்னது இலத்தீன் ‘முல்துஸ்’ என்பதன் திரிபு. பின்னது பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபு. இவ்விரண்டிற்கும் உறவில்லை. அவ்வாறே ஆங்கில ‘ஹேவ்’ ஸ்பானிய ‘அபேர்’ என்பதன் மூலமான ‘ஹபேரே’ என்பதற்கு உறவன்று. கிரிம் 1822-இல் வகுத்துரைத்த ஒலிமாற்ற விதிப்படி, இலத்தீன் ககரத்திற்கு ஜெர்மானிய ஹகரமே நிகர் என்பதால், ‘காப்பெரே’ (பற்றுதல்) என்பதற்கே அது உறவு.

முடிவுரை

மரபுவழிச் சொல், கடன்சொல், தற்செயல் ஒப்புமை என மூன்றாகப் பிரித்தபின்னரே ஒப்பீடு ஆய்வாகும். ஒலி ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றன்று. ஒழுங்கான ஒலிமாற்றமே சான்று. ஒலி ஒப்புமையை மட்டும் நம்பித் தமிழ்ச் சொற்களுக்குப் பிறமொழி உறவு கற்பிக்கும் முயற்சிகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.