சுங்கச் சுவருக்குள் சுகவாசம்

“அந்நியப் பொருள் நுழையாதபடி சுவர் எழுப்பு; உள்நாட்டுத் தொழில் தானே தழைக்கும்” என்று ஒரு மந்திரம் நெடுங்காலம் ஓதப்பட்டது. “சுவரை இடித்துத் தள்ளு, எல்லாம் தழைக்கும்” என்பது 1991க்குப் பிறகு ஓதப்படும் எதிர்மந்திரம். எந்த மந்திரத்தையும் ஆராயாமல் ஏற்கும் பழக்கம் நமக்கில்லையே, தோழர்களே! மோட்டார்த் தொழிலைக் கொண்டு ஆராய்வோம்.

வங்கத்து உத்தர்பாராவிலே, 1950களின் பிற்பகுதியில் வந்தது அம்பாசடர் கார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை அச்சாகக் கொண்டது. வெளிநாட்டுக் காருக்கு வாயில் அடைப்பு. உள்நாட்டிலே வேறொருவன் போட்டிக்கு வரலாமென்றால், அதற்கு டில்லியின் லைசென்சு. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் லைசென்சு! வாங்குபவன் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தான். காத்துக் கிடக்க ஆளிருக்கையில், முதலாளி திருத்துவானேன், உற்பத்தியைப் பெருக்குவானேன்? உருவம் பெரிதும் மாறாமலே 2014இல் உற்பத்தி நின்றது. உழைத்தவன் தெருவிலே நின்றான்.

கொரியாவிலும் சுவர் இருந்தது, உயரத்திலே குறைந்ததன்று. 1967இல் தோன்றிய ஹூண்டாய், முதலில் போர்டு நிறுவனத்தின் கார்ட்டினா காரைப் பூட்டிக் கொடுத்த பட்டறைதான். 1975இல் சொந்தக் காரான போனி. மறு ஆண்டே ஈக்வடாருக்கு ஏற்றுமதி! சலுகைக் கடன் வேண்டுமா, ஏற்றுமதிக் கணக்கைக் காட்டு என்றது அரசு. 1986இல் அமெரிக்கா சென்ற எக்செல் கார், மலிவென்று வாங்கவும்பட்டது, மட்டமென்று ஏசவும்பட்டது. அந்த ஏச்சு ஆலையைச் சுட்டது; திருத்திற்று. உத்தர்பாராவிலோ, ஏச்சுக்கு அஞ்ச வேண்டிய தேவையே எழவில்லை. (1979 வரை அங்கே நடந்தது பார்க் சுங் ஹீயின் ஆட்சி, தொழிலாளர் குரல்வளையை நெரித்த ஆட்சி. அதை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை.)

குலத்தைக் காட்டியே பீடத்தில் அமர்ந்தவனை நாம் அறிவோம். கற்றாயா, உழைத்தாயா என்று அவனை எவரும் கேட்டதில்லை. கெடுவும் தேர்வும் இல்லாத பாதுகாப்பு, அதுபோல் ஒரு லைசென்சு வருணத்தையே படைத்தது. ஆனால், சுவரே கூடாதென்போரைக் கேட்கிறேன்: 1975இல் கொரியா வாயிலைத் திறந்து விட்டிருந்தால், ஜப்பானியக் காரின் முன் போனி தாங்கியிருக்குமா?

1998 முதல் நம் இருங்காட்டுக்கோட்டையிலே கார் செய்து, வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது, அன்று போர்டு காரைப் பூட்டிய அதே ஹூண்டாய். உழைப்பு நம்முடையது, பெயரும் பெரும்பங்கும் கொரியாவுடையவை. சுவர் இங்கும் இருந்ததே, அதற்குக் கெடு வைக்க மறுத்தவர் யார்?