மரம் ஏற ஒரு குவெரி

ஹார்டுவேர் கடைக்கான ஒரு ஆப். பிளம்பிங் என்று தட்டினால் உள்ளே பிவிசி பைப், அதற்குள் எல்போ, அதற்குள் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று போய்க்கொண்டே இருக்கும். டேட்டாபேஸில் எல்லாம் ‘கேட்டகரிஸ்’ என்ற ஒரே டேபிள்தான். ஒவ்வொரு ரோவிலும் தன் தாய்ப் பிரிவைக் காட்டும் ‘பேரன்ட் ஐடி’ ஃபீல்டு ஒன்று, அவ்வளவுதான்.

பிளம்பிங்குக்குக் கீழே உள்ள மொத்தத்தையும் கொடு என்றால், பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலின் எலக்வென்ட்டில் வழக்கமான வழி, ‘சில்ட்ரன்’ உறவை ‘வித்’ போட்டு எடுப்பது. மட்டத்துக்கு ஒரு குவெரி ஓடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எத்தனை மட்டம் என்று நாமே எண்ணி, சில்ட்ரன் புள்ளி சில்ட்ரன் புள்ளி சில்ட்ரன் என்று எழுதிவைக்க வேண்டியிருப்பதுதான் எரிச்சல். கடைக்காரர் நாளைக்கு இன்னொரு மட்டம் சேர்த்தால் அது திரையில் வராது, எரரும் வராது.

எஸ்கியூஎல்லில் இதற்கு வழி 1999 தரநிலையிலேயே உண்டு. சிடிஇ என்று சுருக்கமாகச் சொல்லும் காமன் டேபிள் எக்ஸ்பிரஷன்: ஒரு குவெரிக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரை டேபிள் மாதிரியே கீழே பயன்படுத்துவது. ‘ரிகர்சிவ்’ சேர்த்தால் அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு பிரிவுகளின் மரத்தில் அடி வரை இறங்கும். போஸ்ட்கிரெஸில் இது 2009 முதல் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லுக்கு 2018-ல் 8.0 வந்தபோதுதான் கிடைத்தது. லாராவெலின் குவெரி பில்டரில் இதற்கென்று சொந்த மெத்தட் கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கிறது ‘லாராவெல்-சிடிஇ’ என்ற இலவச பேக்கேஜ்.

கம்போசரில் ஒரு வரி, நிறுவுவது அத்துடன் முடிந்தது. மெத்தட் பெயர்கள்தான் வாய் நிறைய: வித்எக்ஸ்பிரஷன், வித்ரிகர்சிவ்எக்ஸ்பிரஷன். காரணம் இருக்கிறது. எலக்வென்ட்டில் ‘வித்’ என்ற பெயரை ஏற்கெனவே உறவுகள் பிடித்துக்கொண்டுவிட்டன. யீ 2 என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்குக்கும் இதே சிக்கல், அதனால் அங்கே வித்குவெரி. ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க்கில் அந்தப் பெயர் காலியாக இருந்தது, 7.1-ல் சுருக்கமாக ‘வித்’ என்றே வைத்துவிட்டார்கள்.

எழுதிப் பார்த்தேன். முதல் பாதியில் பிளம்பிங் என்ற வேர் ரோ. யூனியன்ஆல் போட்டு இரண்டாம் பாதியில் அதே டேபிளை ‘ட்ரீ’ என்ற சிடிஇ-யுடன் ஜாயின் செய்தேன். ஒரே குவெரியில் முழு மரமும் வந்தது. ஆசை விடவில்லை. ‘பிளம்பிங் > பிவிசி பைப் > எல்போ’ என்று பாதையையும் சேர்த்து எடுக்கலாமே என்று ஒரு கான்கேட் போட்டேன். மூன்று மட்டம் வரை ஒழுங்காக வந்தது. நாலாவதான முக்கால் இஞ்ச் வந்ததும் ‘டேட்டா டூ லாங்’.

ரிகர்சிவ் சிடிஇ-யில் ஒரு ஃபீல்டின் அகலத்தை மைஎஸ்கியூஎல் முதல் பாதியை மட்டும் பார்த்தே முடிவு செய்கிறது. பெயருக்கு நான் வைத்திருந்தது 40. அதுவும் தமிழில் சீக்கிரம் தீர்ந்துவிடும்: ‘முக்கால்’ நம் கண்ணுக்கு நாலெழுத்து, மைஎஸ்கியூஎல்லுக்கோ புள்ளி, உகரக் குறி, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணி எட்டு. முதல் பாதியில் பெயரை 500 எழுத்தாக காஸ்ட் செய்ததும் சரியானது. அதற்கு செலக்ட்ரா போட்டு நேரடி எஸ்கியூஎல்தான் எழுத வேண்டியிருந்தது. பேக்கேஜ் அதில் தலையிடுவதில்லை.

அடுத்த இடறல் சாஃப்ட் டெலீட், அதாவது ரோவை அழிக்காமல் அழித்ததாகக் குறித்துவைப்பது. மாடலில் அது இருந்தால் எலக்வென்ட் தானாகவே ‘கேட்டகரிஸ் டேபிளின் டெலிட்டட்அட் காலியாக (நல்) இருக்க வேண்டும்’ என்று ஒரு நிபந்தனையைச் செருகும். நாம் எடுப்பதோ ‘ட்ரீ’யிலிருந்து. அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்று குவெரி விழுந்துவிடும். ஃப்ரம் மெத்தடில் ட்ரீக்கு கேட்டகரிஸ் என்றே அலியாஸ் கொடுத்து, டெலிட்டட்அட் ஃபீல்டையும் சிடிஇ-க்குள் எடுத்தேன், ஓடியது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போனது.

வேண்டுமென்றே எல்போவை பிளம்பிங்குக்கே தாயாக்கியும் பார்த்தேன். மைஎஸ்கியூஎல் சுற்றிச் சுற்றி, தன் இயல்பு வரம்பான 1000-ஐத் தாண்டியதும் எரர் கொடுத்து நின்றது. போஸ்ட்கிரெஸில் அப்படி ஒரு வரம்பு இல்லை. அங்கே 14-ஆம் பதிப்பு முதல் உள்ள சைக்கிள் வசதியைப் பயன்படுத்த பேக்கேஜில் தனி மெத்தட் இருக்கிறது.

இவ்வளவு இடித்தும் ஏன் வைத்துக்கொண்டேன்? பைண்டிங்குக்காக. எஸ்கியூஎல்லில் சிடிஇ தலைப்பகுதியில் வரும். அதற்குள் இருக்கும் கேள்விக்குறிகளின் மதிப்புகளும் முதலில் போக வேண்டும். கையால் எழுதினால், கீழே ஒரு ‘வேர்’ (where) நிபந்தனை சேர்க்கும்போதெல்லாம் அந்த வரிசையை நாமே காக்க வேண்டும். இங்கே அந்தக் கவலை இல்லை. வழக்கம்போல ‘வேர்’ நிபந்தனை, ஆர்டர்பை, பேஜினேட் எல்லாம் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன.

மாதத்துக்கு ஒருமுறை ஓடும் ஒற்றை ரிப்போர்ட்டுக்கு இது தேவையில்லை, டிபி செலக்டில் நேராக எழுதிவிடலாம். மரம் மட்டும்தான் வேண்டும் என்றால் இதன் மேலேயே கட்டிய ‘லாராவெல்-அட்ஜசன்சி-லிஸ்ட்’ சுலபம். டிசெண்டன்ட்ஸ், ஆன்செஸ்டர்ஸ் என்று உறவுகளாகவே கொடுத்துவிடுகிறது. சர்வரில் இன்னும் மைஎஸ்கியூஎல் 5.7 என்றால் இரண்டும் வேண்டாம். பிஎச்பி பக்கம் எல்லாம் சரியாக இருக்கும், டேட்டாபேஸ் சின்டாக்ஸ் எரர் என்று திருப்பி அனுப்பிவிடும்.