கதை எங்கே என்று கேட்பவருக்கு

முல்லைப்பாட்டு 103 அடி. அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், எங்கோ கிடக்கும் ஓர் அடியை எடுத்து வேறெங்கோ இருக்கும் அடியோடு மாட்டிப் பொருள் சொன்னார். 1903இல் அதே பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதிய மறைமலையடிகள் இதை ஏற்கவில்லை. பாட்டு எந்த வரிசையில் ஓடுகிறதோ அந்த வரிசையிலேயே பொருள் கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. கடினமான நூலைப் படிக்க இந்த இரண்டு பள்ளிகளே போதும் என்று நினைக்கிறேன், அது டப்ளின்காரர் எழுதியதாக இருந்தாலும் கோவில்பட்டிக்காரர் எழுதியதாக இருந்தாலும்.

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ 1922 பிப்ரவரி 2 அன்று பாரிஸில் வெளிவந்தது. 1904 ஜூன் 16 என்கிற ஒரே நாளைச் சொல்ல 18 அத்தியாயங்கள். கடைசி அத்தியாயத்தில் நிறுத்தற்குறியே கிடையாது என்று சொல்லிவிடலாம். எட்டே ஆண்டில், 1930இல், ஸ்டூவர்ட் கில்பர்ட் அதற்கு விளக்கநூல் எழுதிவிட்டார், அதுவும் ஜாய்ஸின் துணையோடு. நூலாசிரியரே உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து உதவும் பாக்கியம் நம் நச்சினார்க்கினியருக்கு வாய்க்கவில்லை! 1939இல் வந்த ‘ஃபின்னகன்ஸ் வேக்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து முதல் வாக்கியத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதை மாட்டிப் படிக்காமல் வேறு எப்படிப் படிப்பது? உரை வைத்துக்கொண்டு ஒரு நாவலைப் படிப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நாம் திருக்குறளையே அப்படித்தானே படித்தோம்.

தமிழ்ப் புனைகதையில் ஓட்டத்தோடு படிக்க வேண்டியவர்கள் முதலில் வந்தார்கள். மணிக்கொடிக் காலத்து மௌனியிடம் கடினச் சொல் அதிகமில்லை. ஆனால் நடப்பது வெளியிலா மனசுக்குள்ளா என்று பிடிபடாது. புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார், சும்மா சொல்லவில்லை. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, அதிலேயே ‘ஜீவனாம்சம்’ நாவலைத் தொடராக எழுதினார். இளம் விதவை சாவித்திரியின் நினைவோட்டம்தான் கதை. நனவோடை என்ற பேரைக் கேட்டு மிரள்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம், மிக அடக்கமான நாவல். லா.ச.ராவின் ‘புத்ர’ (1965) அடக்கம் அறியாதது. தாய் மகனுக்கு இடும் சாபத்திலிருந்து அது பீறிட்டுக் கிளம்புகிறது. அதைக் கண்ணால் படித்தால் பாதிதான் கிடைக்கும், வாய்விட்டுப் படிக்க வேண்டும். வங்கியில் கணக்குப் பார்த்த மனிதர் இப்படி எழுதினார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

நகுலனிடம் வரும்போது ஓட்டம் நின்றுவிடுகிறது. ‘நினைவுப்பாதை’ (1972) தொடங்கி அவர் எழுத்தில் நவீனன் திரும்பத் திரும்ப வருகிறான், சுசீலா வராமலே வருகிறாள். ஒரு நூலை இன்னொன்றோடு மாட்டினால்தான் ஆள் அகப்படுவார். 1981இல் வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ இரு பள்ளிக்கும் இடைப்பட்டது. ஆல்பெர் காம்யு மாண்ட மறுநாள் நாயகன் ஜே.ஜே. இறந்ததாகச் சொல்லித் தொடங்கும் சுந்தர ராமசாமி, பிற்பகுதியை அவன் நாட்குறிப்பாகவே தந்துவிடுகிறார்.

சாரு நிவேதிதாவின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசமும் ஃபேன்சி பனியனும்’ (1989) என்ற தலைப்பைப் பார்த்து, நம் திருப்பூர்த் தொழிலைப் பற்றியது என்று வாங்குபவர் ஏமாந்து போவார். அவருடைய ‘ஸீரோ டிகிரி’யில், இரண்டு அத்தியாயங்கள் நீங்கலாக, கூட்டினால் ஒன்பது வராத எண்ணே கிடையாது. ‘ஒரு’ என்ற சொல்லுக்குக்கூடத் தடை! இந்த வித்தையை மதிக்கிறேன், அதற்காகவே ஒரு நாவலைக் கொண்டாட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கோவில்பட்டிக்காரர் கோணங்கியின் ‘பாழி’யும் ‘பிதிரா’வும் முழுக்க நச்சினார்க்கினியர் கட்சி. எழுவாய் ஒரு பக்கத்திலும் பயனிலை அடுத்த பக்கத்திலும் இருப்பது போலத் தோன்றும். நூறு பக்கத்துக்கு ஒரு முறை பிரமித்தேன், பல முறை சலித்தேன்.

தரத்தை எப்படிப் பார்ப்பது? பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு வரும் பீஸை முதலில் உள்புறம் திருப்புவார்கள். ஓவர்லாக் தையல் விட்டிருக்கிறதா, நூல் பிசிறு தொங்குகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கடின நாவலையும் இரண்டாம் வாசிப்பில் அப்படித் திருப்பிப் பார்க்கலாம். சொல்ல வந்த விஷயமே சிக்கலானதென்றால் உள்ளேயும் தையல் பிடித்திருக்கும். ‘புத்ர’ அந்தச் சோதனையில் தேறும். எளிய விஷயத்தைச் சிக்கலாக்கிக் காட்டிய நாவல்கள் அங்கேயே பல்லிளித்துவிடும், அவை தமிழில் குறைவில்லை.

நம் பக்கத்து நாவல்கள் பெரும்பாலும் நேராகக் கதை சொல்பவை. கீரனூர் ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942), சாயக்கழிவைப் பேசிய சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’, திருப்பூரின் வளர்ச்சியோடு நண்பர்களின் வாழ்க்கையைப் பின்தொடரும் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ எல்லாமே அப்படித்தான். அதனால் நம் வாசகர் நேர்க்கதைக்குப் பழகியிருக்கிறார். “கதையே இல்லீங்களே, இதை எப்படிங்க படிக்கறது?” என்று அவர் கேட்பதில் தப்பில்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவரிடம் ‘பிதிரா’வைக் கொடுப்பது பாவம். ‘ஜீவனாம்ச’த்தைக் கொடுங்கள், பிறகு ‘ஜே.ஜே.’, பிறகு ‘புத்ர’. அதற்கப்பால் போக விரும்புகிறவர்கள் நாலு பேராகச் சேர்ந்து, வாரம் பத்துப் பக்கம் உரக்கப் படித்து, ஆளுக்கு ஓர் உரை சொல்லிச் சண்டை போடுங்கள். ‘யுலிஸ’ஸையும் உலகம் பூராவும் அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.