மத்தாப்பு வெளிச்சத்தில் ஒரு முகம்: கிரிட்டா 5.2

பட்டாசுப் பெட்டியின் லேபிளுக்கு ஒரே வேலைதான். தீபாவளிக் கடையில் அடுக்கிவைத்த நூறு பெட்டிகளுக்கு நடுவே கண்ணில் பட வேண்டும். அதனால்தானோ என்னவோ, சிவகாசி லேபிள்களில் முகங்களுக்கு எப்போதும் தனி மவுசு. கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வ முகங்கள் இந்த வட்டார அச்சகங்களில் காலண்டர்களாகி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன. இன்று தூரிகை இருந்த இடத்தில் பேனா டேப்லெட். ஆலங்குளத்தில் வீட்டு லேப்டாப்பில் படம் வரைந்து பழகும் ஒருவருக்கு, காசில்லாமல் கிடைக்கும் கிரிட்டா எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

1999-ல் கேடிஇ என்ற மென்பொருள் சமூகத்தில் தொடங்கிய திறமூல ஓவிய மென்பொருள் இது. சோதனைக்கு எடுத்தது 5.2 பதிப்பு. படம்: தாவணி கட்டிய பெண் ஒருத்தி, கையில் கம்பி மத்தாப்பு. அளவு ஏ4, 300 டிபிஐ.

முதல் வரைவு எல்லோரும் செய்கிற மாதிரிதான் வந்தது. முகம் நட்டநடுவில், மத்தாப்புப் பிடித்த கை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, தலைக்கு மேலே வெறும் கறுப்பு. கிரிட்டாவின் கிராப் கருவியில் மூன்றில் ஒரு பங்குக் கோடுகளைப் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. கண்களை மேல்கோட்டிலும் தீப்பொறியைக் கீழே வலப்பக்கச் சந்திப்பிலும் நிறுத்தியதும் படத்துக்கு ஒரு போக்கு வந்துவிட்டது. பார்வை பொறியில் தொடங்கி, முழங்கை வழியாக ஏறி, முகத்தில் போய் நிற்கிறது. கிராப் வகையில் ‘கேன்வாஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெட்டிய பகுதி அழியாமல் வெளியே பத்திரமாக இருக்கும். மனம் மாறினால் இழுத்துக்கொள்ளலாம்.

அடுத்து ‘எம்’ விசை. அமுக்கினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திரும்புகிறது. அதுவரை அழகாகத் தெரிந்த முகத்தில் ஒரு கண் தாழ்ந்திருப்பதும் தாடை ஒருபக்கம் இழுத்திருப்பதும் அந்த நொடியே பல்லிளிக்கும். லிக்விஃபை கருவியால் கண்ணை மெல்ல மேலே தள்ளினால் போதும், மறுபடி வரைய வேண்டியதில்லை. இந்த மென்பொருளில் பாராட்ட ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், நூற்றுக்கும் மேலான பிரஷ்களை விட்டுவிட்டு இந்த ஒற்றை விசையைச் சொல்லலாம்.

வெளிச்சத்தில்தான் வேலை அதிகம். மத்தாப்பு நெஞ்சு உயரத்தில் எரிகிறது. வெளிச்சம் கீழிருந்து வருகிறது. ஆகவே தாடையின் அடிப்பாகம் ஒளிரும், மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி ஏறும், கருவிழியின் மினுக்கு மேலே இல்லாமல் கீழே விழும். நிறமும் மருந்தைப் பொறுத்தது. இரும்புத் தூள் என்றால் பொன்னிறப் பொறி, அலுமினியம் என்றால் வெள்ளை, ஸ்ட்ரான்சியம் சேர்ந்தால் சிவப்பு. பொறியைப் பொன்னிறத்தில் வரைந்துவிட்டுக் கன்னத்துக்கு வெள்ளை வெளிச்சம் தீட்டினால், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். மத்தாப்புப் புகைப்படம் ஒன்றை ரெஃபரன்ஸ் கருவியால் கேன்வாஸ் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொள்ள முடிவது இங்கே பெரிய உதவி.

நுணுக்கம் என்றதும் கை தானாக ஜூமுக்குப் போகிறது. இமைமுடி ஒவ்வொன்றாக, தாவணிச் சரிகை இழை இழையாக! ஓவர்வியூ பலகத்தில் அதே படம் தீப்பெட்டி அளவில் தெரியும்போது அந்த உழைப்பில் பாதி காணாமல் போகிறது. மிச்சத்தில் கொஞ்சத்தை ஆஃப்செட் அச்சின் புள்ளிகள் விழுங்கிவிடும். சோதனைப் படத்தில் கண், ஜிமிக்கி, பொறி ஆகிய மூன்றை மட்டும் கூராக்கி, தாவணி மடிப்புகளைப் பெரிய பிரஷ்ஷால் மழுக்கியபோதுதான் முகம் முன்னுக்கு வந்தது.

அச்சுக்குப் போகும் படம் என்பதால் நாலு கலர் சோதனை கட்டாயம். கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் சிஎம்ஒய்கே மையில் படம் எப்படி விழும் என்று கிரிட்டா காட்டுகிறது. திரையில் தகதகத்த ஆரஞ்சும் இரவு வானத்தின் ஊதாவும் அப்படியே மங்கிப்போயின. பிளேட் போட்ட பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல். பொறியை இன்னும் பிரகாசமாக்கப் பார்ப்பதைவிட, சுற்றியுள்ள இருட்டை ஆழமாக்குவதுதான் பலன் தந்தது.

குறைகளும் உண்டு. இந்தப் பதிப்பில் எழுத்தைத் தனிச் சாளரத்தில் தட்டச்ச வேண்டும். பிராண்டு பெயரை வளைத்து, நிழல் கொடுத்து, பெட்டி முழுக்க அலங்கரிக்கும் லேபிள் வேலைக்கு அது தோதுப்படாது. நிறங்களைக் குழைக்கும் ஸ்மட்ஜ் பிரஷ்ஷைப் பெரிதாக்கினால் சாதாரண லேப்டாப் திணறுகிறது. கோடு பேனாவுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கும் கிரிட்டா உண்டு. ஆனால் கம்ப்யூட்டருக்காக அமைத்த பலகங்களுக்கு அந்தத் திரை போதவில்லை.

4,096 அழுத்த நிலைகளை உணரும் வாகாம் இன்டுவோஸ் போன்ற சிறிய பேனா டேப்லெட் ஒன்று இருந்தால் முகத்தை இதில் தாராளமாக முடித்துவிடலாம். எழுத்து வேலையை மட்டும் டிசைனர்களுக்குப் பழகிய கோரல்டிராவுக்கு அனுப்புவது நல்லது.